விலை கொடுத்துக் கற்கும் கல்வி: அஞ்சல் உறை முதல் கைத்தொலைபேசி வரை

ஆசிரியனைத் தேடி மாணவன் சென்ற காலம் நெடியது. குருகுலத்திலும் திண்ணைப் பள்ளியிலும் கற்பிப்போன் முன்னே கற்போன் அமர்ந்திருந்தான். பிழை நேர்ந்த கணத்திலேயே திருத்தமும் கிடைத்தது. ஆசிரியன் ஓரிடத்திலும் மாணவன் வேறோரிடத்திலும் இருக்க, இடையே பாடம் மட்டும் பயணஞ் செய்யும் முறை தோன்றி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. இன்று அம்முறை கைத்தொலைபேசிக்குள் புகுந்து, செயலி என்னும் பெயருடன் மொழியும் கணிதமும் இசையும் கற்பிக்கின்றது. கற்பிப்பதற்கு விலையும் கேட்கின்றது. அச்செயலிகளுட் சில கோடிக்கணக்கான மக்களைத் தம்பால் ஈர்த்துள்ளன. பல வந்த சுவடின்றி மறைந்தன. செல்வத்தின் உச்சியை எட்டிய பின்னர் கடன் வழக்கிற் சிக்கி வீழ்ந்ததும் உண்டு. இவற்றை வாழ்விப்பது எது, வீழ்த்துவது எது என்னும் வினாவுக்கு விடை கைத்தொலைபேசியின் குறுகிய வரலாற்றில் மட்டும் இல்லை. அதற்கு வெகு முன்னரே, அஞ்சல் உறையின் வரலாற்றில் அதன் பெரும்பகுதி எழுதப்பட்டுவிட்டது.

1728ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் திகதி, அக்காலத்தில் ஆங்கிலேயர் குடியேற்றமாயிருந்த பொஸ்டன் நகரில், 'பொஸ்டன் கசெற்' என்னும் செய்தித்தாளில் ஒரு சிறு விளம்பரம் வெளிவந்தது. கேலப் பிலிப்ஸ் என்னும் சுருக்கெழுத்து ஆசிரியர் அதனைச் செய்திருந்தார். நாட்டுப்புறத்தில் வாழ்வோர் வாரந்தோறும் தமக்கு அனுப்பப்படும் பாடங்களைக் கொண்டு, நகரில் வாழ்வோரைப் போலவே செம்மையாக அக்கலையைக் கற்கலாம் என்று அது கூறிற்று. தொலைவிலிருந்து கல்வியை விற்றதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று. எனினும் அதில் ஒரு குறை தென்படுகின்றது. பாடம் அனுப்பப்படும் என்று விளம்பரம் சொல்கின்றது. மாணவன் எழுதியது ஆசிரியரிடம் திரும்பி வரும் என்று அது சொல்லவில்லை. போகும் வழி இருந்தது. மீளும் வழி இல்லை.

மீளும் வழியைத் திறந்தவர் இங்கிலாந்தின் ஐசாக் பிற்மன். அவர் 1837ஆம் ஆண்டில், ஒலிகளை அடிப்படையாகக் கொண்ட தமது சுருக்கெழுத்து முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். மூன்றாண்டுகளின் பின்னர், 1840ஆம் ஆண்டில், பிரித்தானிய அஞ்சற் சேவையில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அதுவரை தூரத்துக்கேற்பக் கூடிக்கொண்டே சென்ற கடிதக் கட்டணம் ஒழிந்து, நாட்டின் எம்மூலைக்கும் ஒரே பென்னியிற் கடிதம் செல்லும் நிலை உண்டாயிற்று. பிற்மன் இவ்வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டார். தமது முறை முழுவதையும் ஒரு பென்னி விலையுள்ள ஒரு தாளில் அடக்கி அச்சிட்டார். விரும்பிய எவரும் விவிலியத்தின் சில வசனங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி, திருத்துவதற்காக வரிகளுக்கிடையே இடம்விட்டுத் தமக்கு அனுப்பலாம் என்றும், கட்டணமின்றித் திருத்தித் திருப்பி அனுப்புவதாகவும் அத்தாளிலேயே அறிவித்தார். வேலை பெருகவே, 1843ஆம் ஆண்டில் அமைந்த ஒலியெழுத்துச் சங்கத்தின் உறுப்பினர்கள் புதிய மாணாக்கரின் பயிற்சிகளை ஊதியமின்றித் திருத்தும் பொறுப்பை ஏற்றனர்.

பிற்மன் பாடத்துக்குக் கட்டணம் பெறவில்லை. நூல்களையும் சஞ்சிகைகளையும் விற்றார். இலவசமாகத் திருத்தம் பெற்று முன்னேறியவனே அடுத்த நூலை வாங்கினான். கற்றவனுக்கு அலுவலகங்களில் வேலை காத்திருந்தது. அவனைக் கண்ட அயலானும் கற்க முன்வந்தான். இவ்வாறு அம்முறை ஆங்கிலம் வழங்கிய நாடுகளெங்கும் பரவியது. இலங்கையின் அலுவலகங்களிலும் சுருக்கெழுத்தென்றால் பிற்மன் முறையே என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்றைய செயலி வணிகர் புதிதாய்க் கண்டுபிடித்ததுபோலப் பேசும் வழி, அதாவது தொடக்கத்தை இலவசமாக்கி, நம்பிக்கை பிறந்த பின்னர் விலை கேட்கும் வழி, அந்த ஒரு பென்னித் தாளிலேயே உருப்பெற்றிருந்தது.

கல்வியைப் பெருந்தொழிலாக மாற்றிய அடுத்த அத்தியாயம் அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களில் எழுதப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்தின் அவொன்டேல் சுரங்கத்தில் 1869ஆம் ஆண்டு மூண்ட தீயில் 110 பேர் மாண்டனர். சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் அதனைத் தொடர்ந்து வந்தன. 1885ஆம் ஆண்டின் சட்டம், சுரங்க மேற்பார்வையாளராக விரும்புவோர் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும் என்று விதித்தது. காற்றோட்டமும் வாயுக்களின் இயல்பும் கணக்கும் அறிந்தாலன்றி அப்பரீட்சையைத் தாண்ட இயலாது. சுரங்கத் தொழிலாளரோ இளமையிலேயே பள்ளியை விட்டு நிலத்தடிக்குச் சென்றவர்கள். தோமஸ் பொஸ்டர் என்னும் பத்திரிகையாளர் தமது சுரங்கத்தொழிற் பத்திரிகையில் இவர்களுக்காக வினாவிடைப் பகுதி ஒன்றை நடத்தினார். அதன் வளர்ச்சியாக 1891ஆம் ஆண்டில் ஸ்க்ரான்டன் நகரிலிருந்து அஞ்சல்வழிச் சுரங்கக் கல்வியைத் தொடங்கினார். பின்னர் சர்வதேச அஞ்சற் கல்விக்கூடங்கள் என்று உலகறிந்த நிறுவனம் அதுவே.

அவரது வெற்றிக்குக் காரணங்கள் தெளிவானவை. முதலாவது, கற்பவன் கண்முன்னே ஒரு வாயில் இருந்தது. பரீட்சையிற் சித்தியெய்தினாற் கூலியாள் மேற்பார்வையாளனாகலாம். ஊதியமும் உயரும், குடும்பமும் நிமிரும். இரண்டாவது, வழக்கமான பாடநூல்களைத் துண்டு போட்டு அனுப்புவதை அவர் ஏற்கவில்லை. ஆசிரியர் அருகில் இல்லாதவன் தானே படித்து விளங்கிக்கொள்ளுமாறு, சிறு சிறு பகுதிகளாக, படங்களுடனும் வினாக்களுடனும் பாடங்களைப் புதிதாக எழுதுவித்தார். மூன்றாவது, விடைகள் திருத்தப்பட்டு மீண்டன. நான்காவது, தொழிலாளி ஒரே முறையிற் கொடுக்க முடியாத கட்டணத்தைத் தவணைகளாகப் பிரித்தார். 1906ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்திற் பெயர் பதிந்தோர் தொகை ஏறத்தாழ 9 இலட்சத்தை எட்டிற்று.

இவ்வளவில் நிறுத்தினால் அது ஒரு வெற்றிக் கதை. ஆனால் அதே வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயர் பதிந்தோரிற் பாடத்தை இறுதிவரை முடித்தவர் மிகச் சிறு பங்கினரே. ஊர் ஊராகச் சென்ற விற்பனை முகவர்கள் சேர்ப்பித்த ஒவ்வோர் ஆளுக்கும் தரகு பெற்றனர். சேர்ந்தவன் கற்றானா என்பது அவர்களின் கணக்கில் இல்லை. இத்துறையில் முளைத்த பல நிறுவனங்களுக்கு, பணத்தைச் செலுத்திவிட்டுப் பாதியில் நின்றவனே மிகுந்த இலாபம் தந்தான். அவனுக்குப் பாடம் அனுப்பும் செலவும் திருத்தும் செலவும் மிச்சம். அமெரிக்க வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் இதனை ஆராய்ந்தபோது, 'விலகியோர் பணம்' என்று அத்தொழிலில் வழங்கிய பெயரையே எடுத்துக் காட்டினார்.

இங்கே 'வெற்றி' என்னும் சொல் இரண்டாகப் பிளவுபடுகின்றது. விற்றவன் வெற்றி ஒன்று. கற்றவன் வெற்றி மற்றொன்று. பிற்மனின் ஏற்பாட்டில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. மாணவன் முன்னேறினாலன்றி அடுத்த நூல் விற்காது. தரகு முகவரின் ஏற்பாட்டில் அவை ஒன்றையொன்று பிரிந்தன. விலைக்கு விற்கும் கல்வியின் பின்னைய வரலாறு முழுவதும் இவ்விரு வெற்றிகளும் சேர்வதும் பிரிவதுமேயாம்.

அஞ்சற் கல்விக்கு இயல்பான குறை காலதாமதம். இன்று எழுதிய விடைக்குத் திருத்தம் வருமுன் வாரங்கள் கழியும். பிழை அதற்குள் பழக்கமாகிவிடும். இக்குறையை யந்திரத்தாற் களைய முயன்றவருள் முன்னோடி, ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலறிஞர் சிட்னி பிரஸ்ஸி. விடையைத் தெரிந்து பொத்தானை அழுத்தினால் அது சரியா பிழையா என்பதை உடனே காட்டும் ஒரு யந்திரத்தை 1920களில் அவர் அமைத்தார். பொருளாதார மந்தம் சூழ்ந்த காலம், வாங்குவார் இல்லை. 1932இல் அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். கருத்துச் சரியாயிருந்தும் கருவி ஒவ்வொருவர் கையையும் எட்டாவிடில் வணிகம் நிலைக்காது என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

ஹாவாட் பல்கலைக்கழகத்து ஸ்கின்னர் 1953ஆம் ஆண்டில் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்றார். பிள்ளைகள் ஒரு கணக்கின் விடை சரியோ பிழையோ என்று அறியாமலே அடுத்த கணக்குக்குச் செல்வதைக் கண்டார். அடுத்த ஆண்டில், பாடத்தை மிகச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் விடையின் முடிவை உடனுக்குடன் அறிவிக்கும் கற்பித்தல் யந்திரத்தை விளக்கிக் காட்டினார். இன்று கைத்தொலைபேசித் திரையில் ஒரு சொல்லைத் தொட்டதும் பச்சையோ சிவப்போ தோன்றுவது இக்கருத்தின் வழிவந்ததே.

திருத்தம் விரைந்து வந்தாலும் மறதி நிற்பதில்லை. ஜேர்மன் அறிஞர் எபிங்கவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து மறதியின் போக்கை அளந்து, 1885ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். கற்றது முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நழுவுகின்றது என்பதும், ஒரே அமர்விற் பலமுறை படிப்பதினும் இடைவெளி விட்டு மீட்டுப் படிப்பது பயன் மிகுந்தது என்பதும் அதனாற் புலனாயின. 1972இல் செபஸ்தியான் லைற்னர் இதனைச் சொல்லட்டைகளும் அறைகளும் கொண்ட ஒரு பெட்டியாக்கினார். சரியாக நினைவிலிருந்த அட்டை அடுத்த அறைக்குச் சென்று நாள் தாழ்த்தி மீளும். மறந்தது முதலறைக்கே திரும்பி விரைவில் வரும். 1987இல் போலந்து நாட்டிற் பியோத்தர் வொஸ்னியாக் அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். அவ்வழியில் 2006இற் பிறந்த 'அங்கி' என்னும் மென்பொருள் கணினியில் இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஐபோனில் மட்டும் அதற்கு ஒருமுறை விலை கொடுக்க வேண்டும். அவ்விலையே முழு முயற்சியையும் தாங்கி நிற்கின்றது. அலங்காரம் எதுவுமில்லாத அச்செயலியை மருத்துவ மாணவர் பலர் விலை கொடுத்து வாங்குவதன் காரணம் எளிது: எதை இன்று மீட்டுப் படிக்க வேண்டும் என்று அது சொல்கின்றது, சொன்னபடி செய்தால் பரீட்சை மண்டபத்தில் நினைவு கைகொடுக்கின்றது.

இதற்கிடையில் பாடத்தின் விலையே சரிந்துவிட்டது. மசசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் எவரும் காண வைப்பதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. சல்மான் கானின் கணித விளக்கங்கள் இலவசமாகவே உலகெங்கும் பரவின. 2012இல் ஹாவாடும் மசசூசெற்ஸ் கழகமும் இணைந்து எட்எக்ஸ் என்னும் திறந்த வகுப்புகளை நிறுவின. உலகின் சிறந்த ஆசிரியர் இலவசமாகக் கற்பிக்கும்போது எவன் விலை கொடுப்பான் என்று பலர் எண்ணினர். பிறகு வந்த கணக்கு அவ்வெண்ணத்தைத் திருத்திற்று. 2019ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வின்படி, அவ்விரு நிறுவனங்களின் திறந்த வகுப்புகளில் 2017–18இல் சேர்ந்தோருள் நூற்றுக்கு 3.13 பேரே பாடத்தை முடித்தனர். சான்றிதழுக்காகக் கட்டணம் செலுத்தியோரில் முடித்தவர் நூற்றுக்கு 46 பேர்.

இவ்விரு எண்களையும் கொண்டு, பணம் கொடுத்தாற் கல்வி வரும் என்று முடிவு கட்டுவது தவறு. முடிக்கும் உறுதி முன்னரே உடையவனே பெரும்பாலும் பணத்தைச் செலுத்துகின்றான். ஆயினும் ஒன்று விளங்குகின்றது. மக்கள் விலை கொடுப்பது பாடத்துக்காக அன்று. பாடம் எங்கும் கிடைக்கின்றது. தம் உறுதி தளராதிருக்க ஒரு துணையும், கற்றதை உலகம் ஏற்க ஓர் அத்தாட்சியும், நாளையும் வந்து அமர ஓர் அழைப்புமே அவர்கள் விலை கொடுத்துக் கொள்ளும் பொருள்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் செயலி அங்காடி 2008ஆம் ஆண்டு யூலை மாதம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. தொடக்கத்திற் கட்டணச் செயலியென்றால் புத்தகம் போன்றது. ஒருமுறை விலை கொடுத்தால் முடிந்தது. 2009 ஒக்டோபரில், இலவசமாகப் பெற்ற செயலிக்குள்ளேயே பின்னர் விலை கொடுத்து மேற்பகுதிகளை வாங்கும் வழி திறந்தது. 2016இல் எல்லா வகைச் செயலிகளும் சந்தா பெற இடமுண்டாயிற்று. வழக்கமாக விலையில் 30 சதவீதத்தைத் தனக்கு எடுத்துக்கொண்ட அங்காடி, ஓராண்டைக் கடந்து நீடிக்கும் சந்தாவில் 15 சதவீதம் போதும் என்றும் அப்போது அறிவித்தது. சிறியதாகத் தோன்றும் இம்மாற்றம் கல்விச் செயலியின் இயல்பையே மாற்றிற்று. முதல் நாளில் முழு விலையையும் பெற்ற வணிகனுக்கு நூறாவது நாளில் மாணவன் என்ன செய்கிறான் என்பதில் அக்கறை இருக்க வேண்டியதில்லை. சந்தா பெறுபவனோ ஒவ்வொரு தவணை முடிவிலும் மாணவன் தீர்ப்புக்குக் காத்து நிற்க வேண்டும்.

இந்தப் புதிய சந்தையில் இரு வழிகள் தெளிவாயின. ஜேர்மனியின் பெர்லின் நகரில் 2007இல் தோன்றிய பாபெல் என்னும் மொழி கற்பிக்கும் நிறுவனம் முதலில் இலவசமாகவே நடந்தது. 2009 நவம்பரில் விளம்பர வருவாயை நாடாது, கற்போர் தரும் கட்டணத்தையே நம்புவதென்று முடிவு செய்தது. இலவசம் பழகிய இணையத்தில் அது துணிச்சலான முடிவு. கற்பவனுடைய தாய்மொழிக்கு ஏற்பப் பாடங்களை அமைத்து, பயணத்திலும் தொழிலிலும் உடனே பயன்படும் உரையாடல்களைக் கொடுத்ததனால், வயது வந்தோர் விலை கொடுக்க முன்வந்தனர்.

மற்றைய வழி டுவோலிங்கோவின் வழி. அதனை நிறுவியவர்கள் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வொன் ஆன் என்பவரும் அவருடைய மாணவரான செவெரின் ஹாக்கரும். குவாத்தமாலாவிற் பிறந்த வொன் ஆன், அமெரிக்காவிற் கற்பதற்கு வேண்டிய ஆங்கிலப் பரீட்சையை எழுத அயல்நாடான எல் சல்வடோருக்குச் செல்ல நேர்ந்தவர். ஏழை நாட்டவனுக்கு ஆங்கிலம் எத்தகைய வாயில் என்பதை அறிந்தவர். 2012இற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அச்செயலி, முதலிற் கற்போரைக் கொண்டு இணையப் பக்கங்களை மொழிபெயர்ப்பித்து, அதனைப் பிறருக்கு விற்று வாழ எண்ணிற்று. அது நிலைக்கவில்லை. 2017ஆம் ஆண்டளவில் விளம்பரமும் சந்தாவும் அதன் வருவாயாயின. பாடங்களை எவரும் இலவசமாகக் கற்கலாம். சந்தா செலுத்தினால் விளம்பரம் இராது, சில தடைகள் நீங்கும்.

2024ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் மாதந்தோறும் அதனைப் பயன்படுத்தியோர் 11 கோடியே 67 இலட்சம் பேர். நாள்தோறும் வந்தோர் 4 கோடியே 5 இலட்சம். பணம் செலுத்தியோர் 95 இலட்சம். அதாவது மாதந்தோறும் வருவோரில் ஏறத்தாழப் பன்னிருவருள் ஒருவர். அவ்வொருவரின் சந்தாவே நிறுவனத்தின் அவ்வாண்டு வருவாயான 74 கோடியே 80 இலட்சம் டொலரில் ஐந்தில் நான்கு பங்கைத் தந்தது. ஒருவன் கொடுக்கும் விலையில் பதினொருவர் கற்கின்றனர் என்று இதனைக் கூறலாம். பதினொருவர் வராவிடில் அவ்வொருவனும் வந்திரான் என்பதும் அதேயளவு உண்மை.

நாள்தோறும் வருவித்த தந்திரம் எது? பாடம் சில நிமிடங்களில் முடியும். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் போதும். இடைவிடாது கற்ற நாட்களின் எண்ணிக்கை திரையில் நிற்கும். ஒருநாள் தவறினால் அது பூச்சியமாகும். அந்த எண்ணிக்கையை இழக்க அஞ்சியே பலர் இரவு பன்னிரண்டு மணிக்கு முன்னர் ஒரு பாடத்தையேனும் முடிக்கின்றனர். மறந்தவனை அழைக்க நினைவூட்டல் வரும். பிறரோடு போட்டியிட அணிகளும் உண்டு. இவை யாவும் பயனுள்ளவை. ஏனெனிற் கற்றலிற் கடினமானது தொடங்குவது அன்று, தொடர்வதே. ஆனால் இங்கேயும் பழைய பிளவு தலைகாட்டுகின்றது. எண்ணிக்கையைக் காக்க எளிதான பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்பவன் வருகையிற் குறைவின்றி இருப்பான், மொழியில் முன்னேறான். வருகை கல்விக்கு வாயில். அதுவே கல்வி அன்று.

விற்றவன் வெற்றியும் கற்றவன் வெற்றியும் பிரிந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மை நாடான இந்தியா ஒரு பெரிய பாடத்தைத் தந்தது. கேரளத்தின் கண்ணூரைச் சேர்ந்த பைஜூ ரவீந்திரன், நுழைவுப் பரீட்சைகளுக்குப் பெருங்கூட்டங்களுக்குக் கற்பித்துப் புகழ் பெற்றவர். 2011இல் நிறுவனம் அமைத்து, 2015இற் பைஜூஸ் என்னும் செயலியை வெளியிட்டார். படங்களுடன் கூடிய அதன் விளக்கங்களைப் பிள்ளைகள் விரும்பினர். 2020இற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது வீடுகளெல்லாம் வகுப்பறைகளாயின. செயலியும் விரைந்து வளர்ந்தது. 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டொலர் எனப்பட்டது. கட்டாரில் நடந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு அது அனுசரணையாளராயிற்று.

அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்கு அழைப்பாணை விடுத்தது. பெற்றோரை வற்புறுத்திப் பாடங்களை விற்பதாகவும், அவர்களைக் கடன் ஒப்பந்தங்களிற் சிக்கவைப்பதாகவும் வந்த செய்திகளே காரணம். ஸ்க்ரான்டனின் தரகு முகவரும் தவணைக் கட்டணமும் நூறாண்டு கழித்து வேறு உடையில் வந்து நின்றதுபோல் இருந்தது. 2023இற் கணக்காய்வு நிறுவனம் விலகிற்று. 2024 யூலையில், இந்தியக் கிரிக்கெற் சபைக்குச் செலுத்த வேண்டிய ஏறத்தாழ 158 கோடி ரூபா தொடர்பாகக் கடன் தீர்க்க வகையற்ற நிறுவனங்களுக்குரிய வழக்கு ஏற்கப்பட்டது. இடையில் மேன்முறையீட்டில் நின்ற அந்நடவடிக்கையை ஒக்டோபரில் உச்சநீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. வீழ்ச்சிக்குப் பெருங்கடனும் அளவுகடந்த கொள்வனவுகளும் காரணங்களாயின என்பது உண்மை. ஆயினும் முதலாண்டுப் பணத்தை முற்கூட்டியே பெறும் விற்பனையில் ஊன்றி வளர்ந்த வணிகம், பள்ளிகள் திறந்து அவசரத் தேவை நீங்கியதும் தாங்கி நிற்க முடியாது போயிற்று என்பதை மறைக்க இயலாது.

சந்தாவும் தன்னளவிற் குற்றமற்றதன்று. அமெரிக்காவிற் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் ஏபிசிமவுஸ் என்னும் செயலியின் நிறுவனத்தின்மீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2020இற் குற்றஞ் சாட்டியது. சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் என்பதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும், எளிதில் விலகலாம் என்று கூறிவிட்டு விலகும் வழியைக் கடினமாக்கியது என்பதும் குற்றச்சாட்டு. வழக்கை முடித்துக்கொள்ள அந்நிறுவனம் ஒரு கோடி டொலர் செலுத்த இணங்கிற்று. மாணவன் தீர்ப்புக்குக் காத்து நிற்க வேண்டிய வணிகன், தீர்ப்புச் சொல்லும் கதவையே பூட்டிவைத்தால் சந்தாவும் 'விலகியோர் பணம்' ஆகிவிடுகின்றது.

இந்நீண்ட வரலாற்றிலிருந்து, விலைக்கு விற்கும் கல்வி நெடுங்காலம் வாழ்வதற்குரிய நிலைகளைப் பிரித்தெடுக்கலாம். கற்பவன் கண்முன் ஒரு வாயில் இருக்க வேண்டும்; சுரங்கப் பரீட்சையாயினும், அயல்நாட்டு மொழியாயினும், மருத்துவத் தேர்வாயினும் அவன் விரும்பும் மாற்றம் உண்மையானதாயிருத்தல் அவசியம். பாடம் தனித்திருப்பவனுக்கென்றே சிறு படிகளாக எழுதப்பட வேண்டும். அவன் செய்த பிழை விரைவில் அவனிடம் திரும்பி வர வேண்டும். மறதிக்கு முன்னரே மீட்டல் வர வேண்டும். விலை, பயன் தெரிந்த பின்னர் கேட்கப்பட வேண்டும். அவன் வருவாய்க்கு எட்டுவதாய் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் கற்றால் மட்டுமே வணிகனுக்கு ஊதியம் நீடிக்கும் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். முன்னைய ஐந்தும் இருந்து இறுதியது இல்லாவிடின் விற்பனை நிகழலாம், நற்பெயர் நிற்பதில்லை.

பிள்ளையின் கல்விக்காகச் செலவிடும் பணம் பல வீடுகளில் வேறொரு தேவையைச் சுருக்கி எடுத்த பணம். எனவே சந்தாவுக்கு இணங்குமுன் சிலவற்றை விசாரித்தறிவது பெற்றோர் கடன். விலையின்றி முதலிற் கற்றுப் பார்க்க இடமுண்டா? பிள்ளை எழுதிய விடைக்கு, சரி பிழை என்பதோடு ஏன் பிழை என்பதும் கிடைக்கின்றதா? மூன்று மாதத்தின் பின்னர் அவன் புதிதாக என்ன செய்ய வல்லவனாவான் என்று விற்போனாற் சொல்ல முடிகின்றதா? வேண்டாதபோது விலகும் வழி, சேரும் வழியைப் போலவே எளிதா? இவ்வினாக்களுக்குத் தயங்காது விடையளிக்கும் செயலி விலை கொடுக்கத் தக்கது. விடையளிக்காது, இன்றே சேர்ந்தாற் சலுகை என்று அவசரப்படுத்தும் ஒன்று எவ்வளவு அழகிய படங்களைக் காட்டினும், அது விற்பது கல்வியை அன்று. பெற்றோரின் அச்சத்தையும் ஆசையையும் மட்டுமே.